முதலில் உப்புத் தண்ணீரைப் பாருங்கள்: பார் ஐஸ் பிளாண்ட்டில் புதிதாகச் சேருபவர்களுக்கு

ஐஸ் கம்பெனிக்குள் முதல் தடவை நுழைகிற எவரும் நேராகக் கம்ப்ரஸர் அறைக்குத்தான் போவார். சத்தம் அங்கேதான் இருக்கிறது. பெல்ட் ஓடுகிறது, கேஜ் முள் துடிக்கிறது, குழாய் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். பக்கத்துக் கொட்டகையில் மரப்பலகை மூடிகளுக்குக் கீழே சத்தமில்லாமல் கிடக்கும் டேங்கை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார் எனும் நீள ஐஸ் கட்டி உறைவது அந்த டேங்கில். கம்ப்ரஸர் கெட்டால் அந்த நிமிடமே ஊருக்குத் தெரியும். டேங்க் கெட்டால், உள்ளே தண்ணீராகக் கிடக்கும் பாரைப் படகுக்காரர் திருப்பி அனுப்பும்போதுதான் தெரியும்.

நான் வேலை பழகியது நாகப்பட்டினம் பக்கம், மீன்பிடித் துறைமுகத்தை நம்பி ஓடும் ஒரு 10 டன் பிளாண்ட்டில். 10 டன் என்றால் 24 மணி நேரத்தில் 50 கிலோ பார் 200. அம்மோனியா கேஸ், பெல்ட்டில் சுற்றும் பிஸ்டன் கம்ப்ரஸர், உப்புத் தண்ணீர் டேங்க், அதில் தொங்கும் தகரக் கேன்கள். காசிமேட்டிலிருந்து குளச்சல் வரை எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இந்த வகையைப் பார்க்கலாம். உப்புத் தண்ணீரே இல்லாமல் பிளேட்டில் நேராக உறைய வைக்கும் புது மிஷின்களும் வந்துவிட்டன. அவற்றின் கதை வேறு.

பார் எப்படி உறைகிறது

கம்ப்ரஸர் குளிரை உண்டாக்குகிறது என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வராதீர்கள். அது சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான். திரவ அம்மோனியா, டேங்குக்குள் இருக்கும் காயில் குழாயில் குறைந்த அழுத்தத்தில் கொதிக்கிறது. திறந்த வெளியில் அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும்; நாம் சக்‌ஷன் (கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்க) அழுத்தத்தை 20 பிஎஸ்ஐ அளவில் பிடித்து வைப்பதால் காயிலில் ஏறத்தாழ மைனஸ் 15 டிகிரியில் கொதிக்கிறது. கொதிக்க வேண்டிய சூட்டை உப்புத் தண்ணீரிடமிருந்து எடுக்கிறது. உப்புத் தண்ணீர் கேனில் இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுக்கிறது. ஆவியான அம்மோனியாவைக் கம்ப்ரஸர் உறிஞ்சி, அழுத்தி, சூடாகக் கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே கூலிங் டவர் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள, அம்மோனியா மறுபடி திரவமாகி ரிசீவர் என்கிற தொட்டியில் சேர்கிறது.

நம்மூர் தண்ணீர் 30 டிகிரியில் கேனுக்குள் விழுகிறது என்று வையுங்கள். ஒரு கிலோவை 0 டிகிரிக்கு இறக்க 30 கிலோகலோரி எடுத்தால் போதும். அந்த 0 டிகிரித் தண்ணீரை 0 டிகிரி ஐஸாக்க இன்னும் 80 எடுக்க வேண்டும். தெர்மாமீட்டரில் ஒரு கோடுகூட அசையாமல் கம்ப்ரஸர் மணிக்கணக்கில் உழைப்பது இதற்காகத்தான். அதோடு, ஐஸ் கேனின் சுவரிலிருந்து உள்நோக்கி வளர்கிறது. வளர வளர அந்த ஐஸே போர்வையாகி உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாமல் மறிக்கிறது. அதனால் கடைசி இரண்டு அங்குலம்தான் உயிரை வாங்கும்.

நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. கேனின் அகலத்தைச் செ.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 0.6ஆல் பெருக்குங்கள். வருவதை உப்புத் தண்ணீர் எத்தனை மைனஸ் டிகிரியோ அந்த எண்ணால் வகுங்கள். மணி நேரம் கிடைக்கும். எங்கள் 50 கிலோ கேனின் வாய் அகலம் 19 செ.மீ. உப்புத் தண்ணீர் மைனஸ் 10இல் இருந்தால் 22 மணி நேரம். மைனஸ் 8இல் 27 மணி நேரம். மைனஸ் 7க்கு ஏறிவிட்டால் 31. மூன்று டிகிரி வித்தியாசம் ஒன்பது மணி நேரத்தைத் தின்கிறது. 28 செ.மீ. அகலமுள்ள பெரிய கேன் என்றால் மைனஸ் 10இலும் 47 மணி நேரம் ஆகும். முதலாளி "ஏன் இன்னும் உறையலை?" என்று கேட்கும்போது இந்தக் கணக்கு கையில் இருந்தால் தைரியமாகப் பேசலாம்.

அப்படியானால் மைனஸ் 15க்கு இறக்கிவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். முடியும். ஆனால் பார் விரிசல் விட்டு, எடுக்கும்போதே நொறுங்கும். கரண்ட் பில்லும் ஏறும். மைனஸ் 9 முதல் மைனஸ் 11 வரை நிறுத்தினால் பாரும் உறுதியாக வரும், மிஷினும் மூச்சு விடும்.

உப்பு

சாதாரண உப்பில் பிரைன் (டேங்கின் உப்புத் தண்ணீர்) போடுகிற பிளாண்ட் என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 280 கிராம் உப்பு. எடையில் 22 சதவீதம் வரும். அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் 1.16 முதல் 1.17 வரை காட்டும். அது உறைய மைனஸ் 19 டிகிரி வேண்டும். காயில் மைனஸ் 15இல் இருப்பதால் நடுவே நான்கு டிகிரி இடைவெளி. அந்த இடைவெளிதான் உங்கள் காப்பு. உப்பு 15 சதவீதத்துக்கு இறங்கினால் அந்தத் தண்ணீர் மைனஸ் 11இலேயே உறையும். பயந்துகொண்டு அளவுக்கு மேல் கொட்டினாலும் பயனில்லை. 23 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கரையாமல் அடியில் படியும், உறைநிலையும் திரும்ப மேலே ஏறத் தொடங்கும். கால்சியம் குளோரைடு போட்டால் உறைநிலை இதைவிட நிறையக் கீழே போகும், விலையும் அதிகம்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிளாண்ட்டில் பார் நடுவில் உறையாமல் வரத் தொடங்கியது. முதல் நாள் பத்துப் பார், மறுநாள் நாற்பது. சக்‌ஷன் முள் கீழே இறங்கிக்கொண்டே போனது. கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டி ஒரு சிலிண்டர் அம்மோனியா ஏற்றினார்கள். நிலைமை இன்னும் மோசமானது. கம்ப்ரஸர் வாயில் பனி கட்டி, உள்ளே தட்டுகிற சத்தம் வந்தது. கடைசியில் பக்கத்துப் பிளாண்ட்டிலிருந்து ஒரு மூத்த ஆபரேட்டரைக் கூட்டிவந்தோம். அவர் கம்ப்ரஸர் அறைக்குள் காலே வைக்கவில்லை. டேங்க் மூடியில் ஒன்றைத் தூக்கி, கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் காயிலைத் தடவினார். பிறகு ஒரு குவளையில் தண்ணீரை மொண்டு வெளியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து ஹைட்ரோமீட்டரைப் போட்டார். 1.09.

"கேஸ் பத்தலைன்னு யாரு சொன்னா? உப்புல்ல பத்தல. காயிலு மேல ரெண்டு இஞ்சு ஐஸு. கேனு ரொப்புறது யாரு?"

ரொப்புவது நான்தான். மூன்று மாதமாக, குழாயைக் கேனுக்குள் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். ஒவ்வொரு கேனிலும் ஒரு செம்பு தண்ணீர் வழிந்து டேங்கில் விழும். நாளுக்கு 200 செம்பு. உப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் காயிலைச் சுற்றி ஐஸ் போர்வை போட்டுவிட்டது. உள்ளே அம்மோனியாவுக்குச் சூடு கிடைக்கவில்லை. அதனால் கொதிக்காமல் திரவமாகவே கம்ப்ரஸர் வரை வந்தது. அன்று இரவெல்லாம் மூட்டை மூட்டையாக உப்பு கரைத்தேன்.

அவர் மாதிரியை ஏன் வெளியே வைத்தார் என்பதையும் கவனியுங்கள். உறைகுளிராக இருக்கும் தண்ணீரில் ஹைட்ரோமீட்டர் கூடுதலாகக் காட்டும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பார்த்தால்தான் கணக்கு சரியாக இருக்கும். உப்பை நேராக டேங்கில் கொட்டாதீர்கள். அடியில் பாறையாக உட்காரும். தனி டிரம்மில் கரைத்து, சாக்கில் வடிகட்டி, பிரைனைக் கலக்கிச் சுற்றவிடும் அஜிடேட்டர் ஓடும்போது அதன் பக்கத்தில் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை அடர்த்தி, மாதம் ஒருமுறை பிஎச் தாளில் பிஎச். பிஎச் 7.5 முதல் 8.5 வரை இருந்தால் நிம்மதி. அதற்குக் கீழே போனால் காயிலும் கேனும் துருப்பிடிக்கும். காரணமே இல்லாமல் திடீரென மேலே போனால் காயிலில் ஓட்டை விழுந்து அம்மோனியா பிரைனில் கலக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

துருவைத் தடுக்க டைகுரோமேட் போடும் வழக்கம் பழைய பிளாண்ட்டுகளில் உண்டு. மஞ்சள் நிறத் தண்ணீரைப் பார்த்தால் அதுதான். தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய் தரக்கூடிய பொருள். மீனிலோ ஜூஸிலோ விழப்போகிற ஐஸ் செய்யும் இடத்தில் அது எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே இருந்தால் கையுறை இல்லாமல் டேங்கில் கை வைக்காதீர்கள்.

மிஷினை எடுப்பது

நின்றிருந்த பிளாண்ட்டை எடுக்கும், அதாவது ஓட்டத் தொடங்கும், வரிசை இது. மாற்றாதீர்கள்.

1. லாக் புத்தகத்தில் முந்தைய ஷிஃப்ட் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். யாராவது எந்த வால்வையாவது மூடிவைத்திருக்கலாம்.
2. கம்ப்ரஸர் ஆயில் கண்ணாடியில் பாதி மட்டம் இருக்க வேண்டும். பெல்ட், பெல்ட் கார்டு சரியா பாருங்கள். ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் மோட்டாரைப் போடாதீர்கள்.
3. கண்டன்சர் பம்ப், கம்ப்ரஸர் ஜாக்கெட் தண்ணீர், கூலிங் டவர். தண்ணீர் உண்மையில் விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். பம்ப் ஓடும் சத்தத்தை நம்ப வேண்டாம்.
4. டேங்க் அஜிடேட்டர்.
5. கம்ப்ரஸர் கேஸை வெளியே தள்ளும் டிஸ்சார்ஜ் வால்வ் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இதை மூடிக்கொண்டு கம்ப்ரஸரை எடுத்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கும் தைரியம் யாருக்கும் வேண்டாம். சக்‌ஷன் மூடியும், பைபாஸ் திறந்தும் இருக்கட்டும்.
6. மோட்டாரை எடுங்கள். வேகம் பிடித்ததும் ஆயில் பிரஷரைப் பாருங்கள். அரை நிமிடத்தில் எழவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.
7. பைபாஸை மூடிவிட்டுச் சக்‌ஷனைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறவுங்கள். இந்த நேரத்தில் காது மிஷின் மேல் இருக்க வேண்டும். 'டக் டக்' என்று தட்டினால் திரவம் வருகிறது. உடனே சக்‌ஷனைக் குறைத்து, தெளியவிட்டுத் திறவுங்கள்.
8. கடைசியாக ரிசீவர் அவுட்லெட்டைத் திறந்து, காயிலுக்குத் திரவத்தை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அளவாக வையுங்கள்.

நிறுத்தும்போது தலைகீழ். முதலில் ரிசீவர் அவுட்லெட்டை மூடி, காயிலில் இருக்கும் கேஸைக் கம்ப்ரஸர் இழுத்து ரிசீவரில் சேர்க்க விடுங்கள். சக்‌ஷன் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது மோட்டாரை நிறுத்தி, சக்‌ஷனையும் டிஸ்சார்ஜையும் மூடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இழுத்தால் எங்காவது கிளாண்ட் (தண்டைச் சுற்றிய அடைப்பு) வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். கண்டன்சர் தண்ணீர் இன்னும் கால் மணி நேரம் ஓடட்டும்.

ஓடும்போது எதைப் பார்ப்பது

மணிக்கு ஒருமுறை லாக் எழுதுங்கள்: சக்‌ஷன், டிஸ்சார்ஜ், ஆயில் பிரஷர், கண்டன்சர் தண்ணீர் உள்ளே வரும் சூடு, வெளியேறும் சூடு, பிரைன் டிகிரி, வோல்டேஜ், ஆம்பியர். பார்க்காமலே முந்தைய வரியைக் காப்பியடிக்கும் பழக்கம் எல்லாப் பிளாண்ட்டிலும் உண்டு. அந்தப் புத்தகம் இருப்பதைவிட இல்லாமல் இருக்கலாம்.

எங்களுக்கு நல்ல நாளில் சக்‌ஷன் 18–20, டிஸ்சார்ஜ் 180–190 பிஎஸ்ஐ. டிஸ்சார்ஜ் 210 என்றால் கண்டன்சரில் அம்மோனியா 40 டிகிரியில் திரவமாகிறது என்று பொருள். சித்திரை வெயிலில் அது சகஜம், மார்கழியில் சகஜமில்லை. முள் காட்டும் எண்ணைவிட, நேற்று இதே நேரத்தில் எவ்வளவு இருந்தது என்பதுதான் அதிகம் சொல்லும். பிரைன் மைனஸ் 10இலேயே நிற்க, சக்‌ஷன் மட்டும் நாளுக்கு நாள் இறங்கினால் காயிலுக்கும் பிரைனுக்கும் நடுவே ஏதோ மறிக்கிறது: வெளியே ஐஸ், உள்ளே ஆயில், அல்லது ஓடாத அஜிடேட்டர். உண்மையிலேயே கேஸ் குறைவு என்றால் ரிசீவர் கண்ணாடியில் மட்டம் இறங்கியிருக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வில் சீறும் சத்தம் கேட்கும். அந்த இரண்டும் இல்லாமல் சிலிண்டருக்குப் போன் போடாதீர்கள்.

கரண்ட் போனால் பதறாதீர்கள். மூடிகள் போட்டிருந்தால் டேங்க் பல மணி நேரம் தாங்கும். அந்த நேரத்தில் பார் எடுக்கிறேன் என்று மூடிகளைத் திறந்து வைப்பதுதான் கெடுதல். வெப்பமான ஊரில் ஒரு டன் பார் ஐஸுக்கு 55 முதல் 70 யூனிட் வரை ஆகும். எங்களுக்கு 70ஐத் தாண்டியபோதெல்லாம் காரணம் பெரும்பாலும் உடைந்த மூடிப் பலகையாகவோ சுண்ணாம்பு பிடித்த கண்டன்சராகவோ இருந்தது.

பார் எடுப்பது

உறைந்துவிட்டதா என்று பார்க்க, கேனின் நடுவில் பாருங்கள். மேற்பரப்பு முழுக்க வெள்ளையாகி, நடுவே ஈரம் இல்லாமல் லேசாகப் புடைத்திருந்தால் எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் கம்பியால் நடுவில் ஒரு குத்து. கம்பி இறங்கினால் இன்னும் இரண்டு மணி நேரம்.

கிரேனின் கொக்கியைக் கேன் வரிசையின் சட்டத்தில் மாட்டி, சட்டம் நேராக எழும்புகிறதா பார்த்துத் தூக்குங்கள். கேனிலிருந்து சொட்டும் பிரைன் டேங்கிலேயே வடியும்வரை அரை நிமிடம் நிறுத்துங்கள். வடியாமல் நகர்த்தினால் உப்பும் போகும், தரையும் வழுக்கும். பிறகு டிப் டேங்க் என்கிற சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் பார் கேனை விட்டு விலகி லேசாக மேலே மிதக்கும். அந்த அசைவைக் கண்ணால் பார்க்கலாம். அதன்பின் சட்டத்தைச் சாய்த்தால், பார் வழுவழுவென்று சறுக்கி வெளியே வரும், நடுவில் பால்போல் ஒரு வெள்ளைக் கோடுடன். தண்ணீரில் இருந்த காற்றும் உப்புக்களும் கடைசியாக உறையும் நடுப்பகுதிக்கு ஒதுங்கியதால் வந்த கோடு அது. மீனுக்கு அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை. கண்ணாடிபோல வேண்டும் என்பவர்கள் உறையும்போது கேனுக்குள் காற்று ஊதிக்கொண்டே இருப்பார்கள்.

டிப் டேங்கில் வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் கழலும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பார் வெடித்துத் துண்டாக வரும். கேனைச் சுத்தியலால் தட்டவும் வேண்டாம். இன்று தட்டிய இடத்தில் அடுத்த மாதம் ஓட்டை விழும். ஓட்டைக் கேனைக் கண்டுபிடிப்பது எளிது: பார் முழுதாக உறையாது, சொதசொதவென்று இருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தக் கேனில் பெயின்ட்டால் குறி போட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

திரும்ப நிரப்பும்போது, கேனில் இருக்கும் தண்ணீர் மட்டம் வெளியே இருக்கும் பிரைன் மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே நிற்கட்டும். தண்ணீர் ஐஸாகும்போது பருமன் 9 சதவீதம் கூடும். அதற்கு இடம் வேண்டும். அளவாக ஊற்றித் தானே நிற்கும் ஃபில்லர் தொட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் குழாயின் பக்கத்திலேயே நில்லுங்கள். என் கதையைத்தான் படித்துவிட்டீர்களே.

தண்ணீர் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். மீனுக்குத்தானே என்று சொல்லாதீர்கள். அந்த ஐஸ் உருகி மீனின் செவுளுக்குள்தான் போகிறது. துறைமுகத்தில் வாங்கிய பார் சர்பத் கடைக்குப் போவதும் நடக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2018இல், சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உத்தரவே போட்டார்கள்.

கால் ஜாக்கிரதை. மூடி எடுத்த இடத்தில் கால் இறங்கினால் இடுப்பு வரை மைனஸ் 10 டிகிரி உப்புத் தண்ணீர். ஈரத்தரையில் 50 கிலோ பார் வேகமெடுத்துவிட்டால் கையால் நிறுத்தப் போகாதீர்கள், விலகி நில்லுங்கள். கம்பூட்ஸ் இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது.

ஆயில், காற்று, சுண்ணாம்பு

கம்ப்ரஸர் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸுடன் போய்க்கொண்டே இருக்கும். ஆயில் அம்மோனியாவைவிடக் கனமானது. அதில் கரையாமல் அடியில் தங்கும். ஆயில் செபரேட்டர், ரிசீவர், காயில் அடி என்று வடிக்கும் இடங்களில் வாரம் ஒருமுறையாவது வடிக்க வேண்டும். எவ்வளவு வடித்தோம், எவ்வளவு ஊற்றினோம் என்று எழுதிவையுங்கள். ஊற்றுவது மட்டும் கூடிக்கொண்டே போனால் அத்தனையும் காயிலில் தங்கியிருக்கிறது. வடிக்கும் வால்வைத் திறந்துவிட்டு ஒரு நொடிகூட அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். போன் அடித்தால் அடிக்கட்டும். ஆயில் முடிந்து கேஸ் வரத் தொடங்கும் அந்தக் கணத்தில் உங்கள் கை வால்வில் இருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் முள் நடுங்கிக்கொண்டு, கண்டன்சர் தண்ணீர் நன்றாக இருந்தும் அழுத்தம் கூடுதலாக நின்றால், உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. காற்றை வெளியேற்றும் பர்ஜ் வால்விலிருந்து ஒரு ஹோஸைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு லேசாகத் திறவுங்கள். குமிழி மேலே வந்து உடைந்தால் காற்று. குமிழி வராமல் தண்ணீர் படபடவென்று பொரிந்தால் அம்மோனியா. தண்ணீர் அதைக் குடித்துவிடுகிறது. அப்போது மூடிவிடலாம். ஹோஸைத் தண்ணீரில் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், தண்ணீர் குழாய்க்குள் ஏறும்.

கடற்கரை போர்த் தண்ணீர் சுண்ணாம்பும் உப்பும் நிறைந்தது. கூலிங் டவர் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரைத் தினமும் வெளியேற்றிப் புதிது விடுங்கள். முட்டை ஓடு கனத்துக்குச் சுண்ணாம்பு படிந்தாலே டிஸ்சார்ஜ் ஏறுவது தெரியும்.

அம்மோனியா

மற்ற எல்லாத் தவறுக்கும் நஷ்டம் பணத்தில். இதில் அப்படியில்லை.

அம்மோனியாவின் ஒரே நல்ல குணம், மறைந்திருந்து கொல்லாது. 5 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 5 பங்கு) அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 25 பிபிஎம். 300 பிபிஎம் என்றால் உயிருக்கு ஆபத்து என்று கணக்கு. ஆனால் தினமும் லேசான வாடையில் இருந்து மூக்கு மரத்துப்போனவர்கள்தான் ஆபரேட்டர்கள். "வாடையே இல்லையே" என்று சீனியர் சொல்வதை நம்பாதீர்கள். வெளியிலிருந்து வந்த பார் ஏற்றும் தம்பியைக் கேளுங்கள்.

சின்னக் கசிவைத் தேட கந்தகக் குச்சியைக் கொளுத்தி இணைப்புகளின் ஓரமாகக் காட்டுவார்கள். கசியும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். ஈர லிட்மஸ் தாளும் போதும், சிவப்பு நீலமாகும். கசிவு பெரிதாகத் தெரிந்தால் நெருப்பு வேண்டவே வேண்டாம்; காற்றில் 15 முதல் 28 சதவீதம் கலந்தால் அம்மோனியா தீப்பற்றும். பித்தளை வால்வ், செம்புக் குழாய் எதையும் இந்த லைனில் மாட்டாதீர்கள், அம்மோனியா அரித்துவிடும். அவசரத்துக்கு ஹார்டுவேர் கடையில் கிடைத்த பித்தளை நிப்பிளைப் போட்டு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிதாகக் கசிந்தால்: கத்தி எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, புகையைக் குறுக்கே கடக்காமல் போங்கள். இதற்காகவே கொட்டகை உச்சியில் ஒரு துணிக் கொடி கட்டி வைப்பது நல்லது. ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொள்ளுங்கள். அது வெளியே ஓடுவதற்கு மட்டும்தான். உள்ளே போய் வால்வ் மூட அல்ல. உள்ளே போவதென்றால் முழு முக மாஸ்க், கையுறை, வாசலில் இன்னொருவர். அடர்த்தி எவ்வளவென்று தெரியாத இடத்துக்கு வடிகட்டி மாஸ்க் போதாது, காற்று சிலிண்டர் செட் வேண்டும். இல்லையென்றால் தீயணைப்புத் துறை வரட்டும், 101. கேஸாகப் பரவுவதன் மேல் தண்ணீரைத் திரைபோல் பீய்ச்சலாம், அது கரைத்துக்கொள்ளும். தரையில் திரவமாகத் தேங்கியிருப்பதன் மேல் தண்ணீர் ஊற்றினால் பொங்கி இன்னும் ஆவியாகும். கேஸ் காற்றைவிட லேசானதுதான், ஆனாலும் திரவம் கசியும்போது குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு தவழும். லேசானது என்பதை நம்பிக் கீழே குனியாதீர்கள்.

கண்ணில் பட்டால் உடனே தண்ணீர், குறைந்தது 15 நிமிடம், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு. அதன்பிறகே ஆஸ்பத்திரி. கம்ப்ரஸர் அறை வாசலுக்கு வெளியே ஒரு ஷவர் இருக்க வேண்டும், அதில் தண்ணீர் வர வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மாஸ்க் பெட்டி பூட்டியிருந்து சாவி முதலாளி வீட்டில் இருந்தால், அந்த இடத்தில் வேலைக்குச் சேருவதைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

தடைக்காலம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. ஐஸ் பிளாண்ட்டுக்கு வருடாந்தர வைத்தியம் அப்போதுதான்.

டேங்கைக் காலி செய்து அடிச்சேற்றை அள்ளுங்கள். காயிலைத் தேய்த்து, அழுத்தச் சோதனை செய்து, பெயின்ட் அடியுங்கள். எல்லாக் கேனிலும் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு தொங்கவிடுங்கள். காலையில் அடி ஈரமாக இருப்பதை ஒதுக்கிப் பற்றவையுங்கள். கம்ப்ரஸரில் வால்வ் பிளேட், பிஸ்டன் ரிங், பேரிங்கைப் பிரித்துப் பார்த்து ஆயில் மாற்றுங்கள். கண்டன்சர் குழாய்களில் சுண்ணாம்பு எடுங்கள். சேஃப்டி வால்வையும் ரிசீவரையும் தகுதியுள்ளவரை வைத்துச் சோதித்துச் சான்றிதழ் வாங்குவது சட்டம் கேட்கும் வேலை. முதலாளி மறந்தாலும் நீங்கள் நினைவுபடுத்துங்கள், பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்தானே.

ஜூன் 14 இரவோடு தடை முடியும். படகுகள் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்கும். சூடேறிய டேங்கை மைனஸ் 10க்கு இறக்க எங்களுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும், அதன்பின் முதல் பாருக்கு ஒரு நாள். ஆகவே 9ஆம் தேதிக்குள் மிஷின் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். முதல் சுற்றில் வரும் பார்களை அப்படியே படகுக்கு ஏற்றிவிடாதீர்கள். பற்றவைத்த கேன்களின் பாரை ஒவ்வொன்றாகக் கொக்கியால் கொத்தி, நடுத்துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்தக் கேன் மறுபடி வெல்டரிடம் போகட்டும்.